அப்டேட்டுக்குப் பிறகு திறக்காத ஆவணங்கள்: லினக்ஸ் கணினியில் பழைய பதிப்புக்குத் திரும்புதல்

"தம்பி, மூண்டு நாளுக்கு முதல் அப்டேட் கேட்டது. ஓம் எண்டு குடுத்தனான். நேற்று மத்தியானம் வரைக்கும் ஒழுங்கா வேலை செய்தது. இப்ப திறக்குது, திறந்த கையோட தானா மூடுப்படுது. இதை அழிச்சுப்போட்டுத் திரும்பப் போடட்டோ?"

வன்னியிலிருந்து வந்த அழைப்பு அது. பேசியவர், காணாமலாக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் சேர்ந்து வைத்திருக்கும் ஒரு சிறிய அறையில் ஆவணங்களைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. தன்னுடைய பெயரையும் இடத்தையும் எழுதவேண்டாம் என்று கேட்டிருக்கிறார். விசாரிக்க வருபவர்கள் இன்னமும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள் என்பதால் அதற்கான காரணத்தை நான் கேட்கவில்லை.

அந்த அறையில் இருப்பது வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவர் பாவித்துவிட்டு அனுப்பிய மடிக்கணினி. பற்றரி செத்து நெடுநாள், வயரைக் கழற்றினால் அணைந்துவிடும். விண்டோஸ் உரிமம் வாங்கப் பணம் இல்லாததால் உபுண்டு 22.04 போட்டிருக்கிறார்கள். பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டுகள், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கடிதங்கள், செஞ்சிலுவைக் குழுவின் அட்டைகள், காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்திலிருந்து வந்த பதில்கள் என்று எல்லாவற்றையும் ஸ்கான் செய்து அதில் வைத்திருக்கிறார்கள். மூலப்பிரதிகள் பல சொப்பிங் பையில் சுற்றப்பட்டு இடப்பெயர்வுகளில் நனைந்தும் காய்ந்தும் வந்தவை. புகைப்படங்கள் வேறு. கல்யாணவீட்டுக் குழுப்படத்தில் மூன்றாவது வரிசையில் நிற்கும் பையன் யார் என்று அந்தப் படத்தில் எழுதியிருக்காது. அதை அவனுடைய அம்மா சொல்ல, அக்கா தட்டச்சு செய்திருக்கிறார். சொன்ன அம்மாக்களில் சிலர் இப்போது உயிரோடு இல்லை.

அந்தப் பெயர்களும் குறிப்புகளும் படங்களை ஒழுங்குபடுத்தும் ஒரு மென்பொருளின் பட்டியலில் இருந்தன. திறந்ததும் மூடுப்பட்டது அந்த மென்பொருள்தான்.

"அழிக்காதேங்கோ அக்கா. ஒண்டையும் தொடாதேங்கோ" என்றேன்.

நான் கணினித்துறை படித்தவன் அல்ல. ஊடகக் கற்கைகள் படித்தவன். ஒலிப்பதிவுகளையும் காணொளிகளையும் வைத்திருக்க மலிவான வழி தேடி லினக்ஸுக்கு வந்து, பலமுறை உடைத்து, திருத்திக் கற்றுக்கொண்டேன். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான மைக்ரோசொப்டின் வழமையான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ ஏற்றுக்கொள்ளாத பழைய மடிக்கணினிகள் எங்கள் சங்கங்களிலும் வாசிகசாலைகளிலும் ரியூசன் கொட்டில்களிலும் நிறைய இருக்கின்றன. அவற்றில் பல லினக்ஸுக்கு மாறும், அப்போது இந்தத் தொலைபேசி அழைப்பு வேறு பலருக்கும் வரும் என்பதால் இதை எழுதுகிறேன்.

கட்டளைகளை இங்கே உச்சரிப்பாகவே தருகிறேன். கணினியில் அவற்றை ஆங்கிலத்தில், சிறிய எழுத்துகளில் தட்டவேண்டும். அன்று தொலைபேசியில் அக்காவுக்கும் இப்படித்தான் சொன்னேன்: "ஏ, பீ, ரீ. பிறகு ஒரு இடைவெளி விடுங்கோ."

முதலில் பிரதி

விண்டோஸில் பழகியவர்களுக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. ஏதாவது வேலை செய்யவில்லை என்றால் மென்பொருளை அழித்துவிட்டுத் திரும்பப் போடுவது. லினக்ஸில் இது பெரும்பாலும் பலன் தராது. ஆப்ட் ரிமூவ் என்ற கட்டளை மென்பொருளை எடுத்துவிட்டு அதன் பொதுவான அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும். ஆப்ட் பேர்ஜ் அவற்றையும் சேர்த்து அழிக்கும். இரண்டுமே உங்களுடைய சொந்தக் கோப்புறையை, அதாவது ஹோமைத் தொடாது. கோளாறு ஹோமில் இருக்கும் ஒரு கோப்பில் என்றால் பத்துத் தடவை அழித்துப் போட்டாலும் அதே கோளாறுதான் வரும். மையெஸ்கியூஎல் போன்ற தரவுத்தள மென்பொருட்களில் பேர்ஜ் இன்னும் ஆபத்தானது. தரவுகளையும் சேர்த்து அழிக்கவா என்று அது கேட்கும்போது பதற்றத்தில் ஓம் என்று சொல்லிவிட்டால் எல்லாம் போய்விடும்.

ஆகவே எதையும் திருத்தமுதல் ஹோம் கோப்புறையை முழுதாக வெளியே பிரதி எடுங்கள். இதில் இரண்டு இடத்தில் தவறுவார்கள். முதலாவது, மென்பொருட்கள் தங்களுடைய பட்டியல்களையும் குறிப்புகளையும் புள்ளியில் தொடங்கும் பெயருள்ள, கண்ணுக்குத் தெரியாத கோப்புறைகளில் வைக்கும். கோப்பு முகாமையாளரில் கொன்ட்ரோலையும் எச் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால்தான் அவை வெளிவரும். படங்களை மட்டும் பிரதி எடுத்துவிட்டுப் பெயர்ப்பட்டியலை விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும். இரண்டாவது, கடையில் வாங்கும் பல பென் டிரைவ்கள் பற்32 என்ற முறையில் வருகின்றன. அவற்றில் 4 ஜிகாபைட்டுக்குக் குறைந்த கோப்பைத்தான் வைக்கலாம். ஒரு மணித்தியாலக் காணொளிச் சாட்சியம் அதைத் தாண்டிவிடும். பிரதி எடுத்து முடிந்ததும் பெரிய கோப்பு ஒன்றைப் பென் டிரைவிலிருந்தே திறந்து பாருங்கள்.

அக்காவுக்கு இதற்கு மட்டும் ஒன்றேகால் மணித்தியாலம் எடுத்தது. நடுவில் இரண்டு தடவை "இன்னும் ஓடுது தம்பி" என்று சொன்னார்.

கணினி வைத்திருக்கும் பதிவேடு

அடுத்து, எது மாறியது என்று கண்டுபிடிக்கவேண்டும். "அப்டேட் செய்தேன்" என்று நாம் ஒரு வேலையாகச் சொன்னாலும் உள்ளே நடப்பது பல. லினக்ஸில் மென்பொருட்கள் பொதிகளாக வருகின்றன. ஒரு களஞ்சியத்திலிருந்து ஒவ்வொரு பொதியாக இறக்கி, பழையதை எடுத்துப் புதியதை வைக்கிறது கணினி. உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ற் ஆகியவற்றில் இந்த வேலையைச் செய்வது ஆப்ட்.

ஆப்ட் ஒரு நல்ல எழுதுவினைஞரைப் போல எல்லாவற்றையும் குறித்து வைக்கிறது. வார் என்ற கோப்புறைக்குள் லொக், அதற்குள் ஆப்ட், அதற்குள் ஹிஸ்ரறி டொட் லொக் என்ற கோப்பு. வெறும் எழுத்துக்கோப்பு என்பதால் எந்த எழுத்துச் செயலியிலும் திறக்கலாம். ஒவ்வொரு வேலைக்கும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எந்தக் கட்டளையால் நடந்தது, எவை புதிதாக வந்தன, எவை மாறின, எவை அகற்றப்பட்டன என்று இருக்கும். மாறிய ஒவ்வொரு பொதியின் பக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் இரண்டு இலக்கங்கள் இருக்கும். முன்னால் இருப்பது பழைய பதிப்பு, பின்னால் இருப்பது புதியது. அந்த முதல் இலக்கத்தை ஒரு தாளில் எழுதி வையுங்கள். இந்தப் பதிவேடு மாதாமாதம் சுருக்கப்பட்டு எண்ணிட்ட வேறு கோப்பாக மாற்றப்படும், பழைய சம்பவமென்றால் அவற்றைத் திறக்கவேண்டும்.

அக்காவின் பதிவேட்டில் அந்த ஒரே நாளில் 46 பொதிகள் மாறியிருந்தன. நாற்பத்தாறையும் பின்னால் தள்ளவேண்டும் என்று நினைப்பதுதான் அடுத்த பிழை. அவற்றில் பெரும்பாலானவை பாதுகாப்புத் திருத்தங்கள். ஒரு பொதி ஏன் மாறியது என்று அறிய ஆப்ட் சேஞ்ச்லொக் என்று தட்டி, இடைவெளி விட்டுப் பொதியின் பெயரைக் கொடுங்கள். உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்துப் பொதிகளுக்கு இது காரணத்தைக் காட்டும். சீ.வீ.ஈ. என்று தொடங்கும் எண் இருந்தால் அது ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைத்த பதிப்பு. அதைப் பின்னால் தள்ளினால் அடைத்த ஓட்டையை நீங்களே திரும்பத் திறக்கிறீர்கள். கணினியில் இருப்பவற்றைப் பார்க்க ஆவலாக இருப்பவர்கள் உள்ள ஓர் ஊரில் இதை இரண்டு தடவை யோசிக்கவேண்டும்.

எங்களுக்குத் தேவைப்பட்டவை இரண்டே பொதிகள்தான். படங்களை ஒழுங்குபடுத்தும் மென்பொருளும், அதனுடன் கூடவே வரும் அதன் துணைப்பொதியும். இரண்டும் உபுண்டுவின் களஞ்சியத்திலிருந்து வரவில்லை. முன்பு அங்கே உதவிக்கு வந்த ஒரு மாணவர், புதிய வசதிகள் வேண்டுமென்று வெளியார் ஒருவரின் களஞ்சியத்தைச் சேர்த்துவிட்டுப் போயிருந்தார். நல்லெண்ணத்தில் செய்ததுதான்.

மேலே ஏற மட்டும் தெரிந்த கருவி

மறுநாள் காலை பஸ் ஏறிப் போனேன். மீதியைத் தொலைபேசியில் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

பழைய பதிப்புக்குத் திரும்புவது ஏன் இவ்வளவு சிரமம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஆப்ட் இயல்பில் மேல்நோக்கி மட்டுமே போகும். பெரிய இலக்கம் கண்டால் எடுக்கும், சிறிய இலக்கத்தைத் தானாக எடுக்காது. பொதிகளுக்குள் இருக்கும் சிறு செயல்நிரல்கள் பழையதிலிருந்து புதியதற்கு மாற்றுவதற்காக எழுதப்பட்டவை. திரும்பி வருவதற்கான வழியை யாரும் எழுதி வைப்பதில்லை. பதிப்பைக் குறைப்பதை டெபியன் அதிகாரபூர்வமாக ஆதரிப்பதும் இல்லை. பெரும்பாலும் சரிவரும், சரிவராவிட்டால் பொறுப்பு உங்களுடையது.

இந்த விதி டெபியனையே ஒருமுறை மாட்டிவிட்டது. 2024 மார்ச் 29ஆம் திகதி, மைக்ரோசொப்டில் பணிபுரியும் அன்ட்ரெஸ் புரொயின்ட் என்ற பொறியியலாளர் ஓர் எச்சரிக்கையை வெளியிட்டார். எக்ஸ்-இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் மிகச் சாதாரணமான ஒரு கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் ஒரு களவுக்கதவு மறைத்து வைக்கப்பட்டிருந்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் இணைப்பு வழமையைவிட அரைச் செக்கன் தாமதிப்பதை ஆராயப்போய் அவர் அதைக் கண்டுபிடித்தார். டெபியனின் சோதனைப் பிரிவுகள், பெடோரா, ஓப்பன்சூசே எல்லாம் உடனடியாகப் பழைய பதிப்புக்குத் திரும்பவேண்டி வந்தது. உபுண்டு 24.04இன் முன்னோட்ட வெளியீடு ஒரு கிழமை பிந்தியது. ஆனால் ஆப்ட் கீழே இறங்காதே? டெபியன் பழைய 5.4.5ஐ எடுத்து, அதற்கு "5.6.1 கூட்டல் ரியலி 5.4.5" என்று இலக்கமிட்டது. ஆப்டின் கண்ணுக்கு அது 5.6.1ஐ விடப் பெரியது, உள்ளே இருந்ததோ பழையது. உலகம் முழுவதும் பாவிக்கப்படும் ஒரு தொகுதி, தன் கருவிக்குப் பொய் இலக்கம் சொல்லித்தான் பின்னால் வந்தது.

எங்களைப் போன்ற தனிப் பாவனையாளர்கள் அந்த வித்தைக்குப் போகத் தேவையில்லை. முதலில் ஆப்ட் பொலிசி என்று தட்டிப் பொதியின் பெயரைக் கொடுத்தால், இப்போது இருக்கும் பதிப்பும் களஞ்சியங்களில் கிடைக்கும் மற்றப் பதிப்புகளும் வரிசையாக வரும். வேண்டிய பதிப்பு அதில் இருந்தால் சூடோ ஆப்ட் இன்ஸ்டோல், பொதியின் பெயர், இடைவெளி விடாமல் சமன்குறி, பதிப்பு இலக்கம் என்று கொடுத்தால் போதும். இலக்கத்தைக் கையால் தட்டாமல் திரையிலிருந்தே பிரதி எடுத்து ஒட்டுங்கள், ஒரு புள்ளி மாறினாலும் ஏற்காது.

எங்களுக்குப் பட்டியலில் வந்தவை இரண்டு. கோளாறான புதியது ஒன்று, உபுண்டு தன் வெளியீட்டுடன் தந்த மிகப் பழையது ஒன்று. இடையில் நாங்கள் பாவித்துக்கொண்டிருந்தது இல்லை. இது அடிக்கடி நடக்கும். உபுண்டுவின் களஞ்சியத்தில் வெளியீட்டு நாள் பதிப்பும் ஆகப் புதிய பதிப்பும்தான் நிற்கும், இடையில் வந்துபோனவை பட்டியலிலிருந்து போய்விடும். வெளியார் களஞ்சியங்களில் பெரும்பாலும் கடைசியாக வந்தது மட்டுமே கிடைக்கும்.

அப்போது தேடவேண்டிய இடம் உங்களுடைய கணினிதான். வார், அதற்குள் கேஷ், அதற்குள் ஆப்ட், அதற்குள் ஆக்கைவ்ஸ். முன்பு இறக்கிய பொதிகள் அங்கே கிடக்கலாம். டெர்மினலில் ஆப்ட் என்ற கட்டளையால் போட்டால் வேலை முடிந்ததும் இறக்கிய பொதி அழிக்கப்பட்டுவிடும், ஆப்ட்-கெட் என்பதால் போட்டால் தங்கும். ஆப்ட் கிளீன் என்று யாராவது துப்புரவு செய்திருந்தால் எதுவும் இராது. எங்களுக்கு அதிர்ஷ்டம், இரண்டு பொதிகளும் அங்கே இருந்தன. இல்லாவிட்டால் உபுண்டு பாவிப்பவர்கள் லோஞ்ச்பாட் தளத்திலும், டெபியன் பாவிப்பவர்கள் 2005இலிருந்து வந்த பொதிகளைச் சேமித்து வைத்திருக்கும் டெபியனின் ஸ்னப்ஷொட் தளத்திலும் தேடலாம். முன்பின் தெரியாத தளங்களில் கிடைக்கும் பொதியைப் போடவேண்டாம்.

உண்மையில் செய்யமுதல் ஒத்திகை பாருங்கள். ஆப்ட்-கெட், பிறகு இடைக்கோடு எஸ், பிறகு இன்ஸ்டோல் என்று தொடங்கினால் என்ன நடக்கப்போகிறது என்று சொல்லும், எதையும் செய்யாது. அதில் வாசிக்கவேண்டியது அகற்றப்படும் பொதிகளின் வரிசை. உங்களுக்குத் தெரியாத பெயர்கள் அதில் நீளமாக வந்தால் நிறுத்துங்கள். லினஸ் செபஸ்தியன் என்ற கனேடிய யூடியூப்காரர் 2021இல் பொப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளைப் போடப்போனார். அன்று அந்தப் பொதியில் ஒரு பிழை இருந்தது. முகப்புத்திரை முழுவதையும் அகற்றப்போகிறேன் என்று ஆப்ட் எச்சரித்தது, சம்மதம் என்று ஒரு முழு வாக்கியத்தையே தட்டச் சொன்னது. அவர் வாசிக்காமல் தட்டினார், முகப்புத்திரை போய்விட்டது. அவ்வளவு நடந்ததும் பெருந்தொகையானோர் பார்த்த ஒரு காணொளியில். பிறகு ஆப்டை எழுதுபவர்கள் அந்த இடத்தை இன்னும் இறுக்கினார்கள்.

எங்கள் ஒத்திகையில், மென்பொருளை மட்டும் குறைத்தால் துணைப்பொதியுடன் பொருந்தாது என்று வந்தது. இரண்டையும் ஒரே கட்டளையில் கொடுத்ததும் ஒத்துக்கொண்டது. பதிப்பைக் குறைக்கப்போகிறேன், சம்மதமா என்று கேட்டது. அக்காதான் வை எழுத்தைத் தட்டினார்.

மென்பொருள் திரும்பியது, பட்டியல் திரும்பவில்லை

பழைய மென்பொருள் திறந்தது. திறந்து, இந்தப் பட்டியல் என்னைவிடப் புதிய பதிப்பால் உருவாக்கப்பட்டது, என்னால் வாசிக்கமுடியாது என்று சொல்லி மூடியது.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருக்க முடியுமென்றால் இதை வைத்திருங்கள். புதிய பதிப்பு முதல்தடவை திறக்கும்போதே பழைய பட்டியலைத் தன்னுடைய புதிய வடிவத்துக்கு மாற்றி எழுதிவிடும். மென்பொருளைப் பின்னால் கொண்டுபோகலாம். அது எழுதியதை ஆப்ட் பின்னால் கொண்டுபோகாது, அது அதன் வேலையும் அல்ல. பயர்பொக்ஸ் இதை வெளிப்படையாகவே செய்கிறது. 2019இல் வந்த 67ஆம் பதிப்பிலிருந்து, புதிய பதிப்பு தொட்ட சுயவிவரத்தைப் பழைய பதிப்பில் திறக்கப்போனால் அது மறுத்து, புதிய சுயவிவரம் ஒன்றை உருவாக்கச் சொல்லும். புத்தகக்குறிகள் எல்லாம் போய்விட்டன என்று அந்த நேரத்தில் பலர் பதறுவார்கள். அவை பழைய சுயவிவரத்திலேயே இருக்கும், அங்கே போக மீண்டும் புதிய பயர்பொக்ஸ் வேண்டும்.

அக்கா எழுந்து வெளியே போய் நின்றார். நான் பட்டியல் கோப்பு இருந்த மறைவான கோப்புறையைத் திறந்தேன். பக்கத்திலேயே அதே பெயருடன், வால் மட்டும் வேறாக இன்னொரு கோப்பு இருந்தது. திகதி அப்டேட் நடந்த நாள். சில மென்பொருட்கள் மாற்றி எழுதமுதல் பழையதை ஒரு பிரதி எடுத்து வைக்கும், இது அந்த வகை. எல்லா மென்பொருளும் அப்படி இல்லை. புதிய பட்டியலை வேறு பெயரில் ஒதுக்கி வைத்துவிட்டு, பழைய பிரதிக்கு அதன் முதற்பெயரைக் கொடுத்தேன். திறந்தது. கல்யாணவீட்டுப் படத்தில் மூன்றாவது வரிசைப் பையனின் பெயர் இருந்தது.

ஆனால் அப்டேட்டுக்கும் கோளாறுக்கும் இடைப்பட்ட நாட்களில் அக்கா பதிந்த 19 படங்களின் குறிப்புகள் அதில் இல்லை. அவை புதிய வடிவப் பட்டியலுக்குள் இருந்தன, அதைத் திறக்கக்கூடிய மென்பொருளோ திறந்த கையோடு மூடுப்படும்.

"கொப்பியில கிடக்கு" என்றார் அக்கா. ஒருவர் வந்து சொல்லும்போது கணினியில் தட்டினால் அந்த அம்மா முகத்தைப் பார்க்க முடிவதில்லை என்பதால் அவர் முதலில் சீ.ஆர். கொப்பியில்தான் எழுதுவாராம். பின்னேரம் இருந்து பத்தொன்பதையும் திரும்பப் பதிந்தோம். அவர் வாசித்தார், நான் தட்டினேன். ஓர் இடத்தில் ஊரின் பெயரை நான் பிழையாகத் தட்ட, "அது வேற ஊர் தம்பி" என்று திருத்தினார்.

ஹோல்ட்

வேலை அத்துடன் முடியவில்லை. அடுத்த அப்டேட் வரும்போது ஆப்ட் பெரிய இலக்கத்தைக் கண்டு அதே கோளாறான பதிப்பைத் திரும்ப எடுக்கும். சூடோ ஆப்ட்-மார்க் ஹோல்ட் என்று தட்டிப் பொதியின் பெயரைக் கொடுத்தால் அந்தப் பொதி அசையாது, மற்றவை வழமைபோல் புதுப்பிக்கப்படும். எவற்றை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று பார்க்க ஷோஹோல்ட், விடுவிக்க அன்ஹோல்ட். நிறுத்திய பொதிக்குப் பாதுகாப்புத் திருத்தங்களும் வராது என்பதால் இது நிரந்தரமான ஏற்பாடு அல்ல. மறந்துவிடுவீர்கள். நாங்கள் பொதியின் பெயரையும் திகதியையும் ஒரு தாளில் எழுதி மடிக்கணினியின் மூடியில் ஒட்டினோம்.

வெளியார் களஞ்சியமே வேண்டாம் என்று முடிவெடுத்தால் பீபீஏ-பேர்ஜ் என்ற கருவி உண்டு. களஞ்சியத்தை முடக்கி, அதிலிருந்து வந்த பொதிகளை உபுண்டுவின் சொந்தப் பதிப்புகளுக்குக் கொண்டுபோகும். எங்களுக்கு அந்த மிகப் பழைய பதிப்பு எங்கள் பட்டியலை வாசிக்குமா என்ற சந்தேகம் இருந்ததால் அதைச் செய்யவில்லை.

உபுண்டுவின் பயர்பொக்ஸ் ஸ்னப் வடிவில் வருவது, அது ஆப்டுக்குள் அடங்காது. அதற்கு சூடோ ஸ்னப் ரிவேர்ட் பயர்பொக்ஸ் என்று தட்டினால் முன்னைய பதிப்பு வரும். சுயவிவரத்தைப் பற்றி மேலே சொன்னது அங்கேயும் பொருந்தும். பெடோராவில் டிஎன்எப் ஹிஸ்ரறி எண்ணிட்ட பட்டியலைக் காட்டும், அன்டூ என்று அந்த எண்ணைக் கொடுத்தால் அந்த வேலையை மட்டும் திருப்பும், பழைய பொதி களஞ்சியத்தில் இன்னும் இருந்தால்.

கணினியே தொடங்காவிட்டாலோ, அப்டேட்டுக்குப் பிறகு வைபை காணாமற் போனாலோ, பெரும்பாலும் மாறியிருப்பது கேர்னல். இது பயமுறுத்தினாலும் திருத்துவதற்கு இலகுவானது, ஏனென்றால் உபுண்டு பழைய கேர்னலை அழிக்காமல் வைத்திருக்கும். தொடங்கும்போது பழைய கணினியில் ஷிப்ட் விசையையும் புதியவற்றில் எஸ்கேப் விசையையும் அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் மேலதிகத் தெரிவுகளுக்குள் போய் முன்னைய இலக்கத்தைத் தெரிவுசெய்யுங்கள். கேர்னல் பிழையால் கோப்புகளே பழுதாகும் ஆபத்தும் வந்திருக்கிறது. 2023 டிசம்பரில் டெபியன் 12.3ஐ வெளியிட இருந்த நேரத்தில், அதன் 6.1.64 கேர்னலில் ஈஎக்ஸ்ரீ4 கோப்புமுறையைப் பழுதாக்கக்கூடிய பிழை கண்டுபிடிக்கப்பட்டு வெளியீடு நிறுத்தப்பட்டது. திருத்தத்துடன் 12.4 டிசம்பர் 10இல் வந்தது. அப்டேட் அறிவிப்பு வந்த அன்றே ஓம் என்று கொடுக்காமல் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் உடனே எடுத்து, மற்றவற்றை ஒரு கிழமை பொறுத்து எடுப்பது என் வழக்கம்.

மின்வெட்டு இன்னொரு கதை. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்த நாட்களில், பற்றரி செத்த மடிக்கணினிகள் அப்டேட்டின் நடுவிலேயே அணைந்தன. அரைகுறையாக நிற்கும் அப்டேட்டைப் பின்னால் தள்ள முயலவேண்டாம், அதை முடித்துவைப்பதுதான் வழி. சூடோ டிபிகேஜி, இடைவெளி, இரட்டை இடைக்கோடு கொன்பிகர், இடைவெளி, இடைக்கோடு ஏ. அது முடிந்ததும் சூடோ ஆப்ட், இரட்டை இடைக்கோடு பிக்ஸ் இடைக்கோடு புரோக்கன், இன்ஸ்டோல். இவை இரண்டும் பெரும்பாலான கணினிகளை எழுப்பிவிடும்.

இத்தனை வேலையும் வேண்டாமென்றால் டைம்ஷிப்ட் போடுங்கள், லினக்ஸ் மின்றில் அது கூடவே வருகிறது. அப்டேட்டுக்கு முன் கணினியின் நிலையை அப்படியே பதிந்து வைத்து, பிழைத்தால் மொத்தமாகத் திரும்பக் கொண்டுவரும். ஓப்பன்சூசேயில் ஸ்னப்பர் இதைத் தானாகவே செய்யும். ஆனால் இரண்டுமே இயல்பில் ஹோம் கோப்புறையைச் சேர்ப்பதில்லை. படங்களும் ஒலிப்பதிவுகளும் பெயர்ப்பட்டியலும் இருப்பது ஹோமில். டைம்ஷிப்ட் இருக்கிறதுதானே என்று பென் டிரைவை விட்டவர் பிறகு என்னிடம் வந்தால் என்னால் எதுவும் செய்யமுடியாது.

ஏழு கிழமைக்குப் பிறகு அந்த வெளியார் களஞ்சியத்தில் திருத்திய பதிப்பு வந்தது. அக்கா ஹோமைப் புதிய பென் டிரைவுக்குப் பிரதி எடுத்து, அது திறக்கிறதா என்று பார்த்து, மூடியில் ஒட்டிய தாளைக் கழற்றிவிட்டுத்தான் அழைத்தார். ஹோல்டைத் தானே விடுவித்து, அப்டேட்டைத் தானே கொடுத்தார். நான் தொலைபேசியில் சும்மா இருந்தேன். மென்பொருள் திறந்தது. ஒதுக்கி வைத்திருந்த அந்தப் புதிய வடிவப் பட்டியலும் இப்போது திறந்தது. அதில் இருந்த 19ஐயும் கொப்பியிலிருந்து நாங்கள் பதிந்த 19ஐயும் அவர் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். ஒரு பிறந்த திகதியில் மட்டும் வித்தியாசமாம்.

"எது சரி எண்டு அந்த அம்மாட்டத்தான் கேக்கவேணும். வெள்ளிக்கிழமை வருவா" என்றார்.